ஒரு கடதாசியில் நாலு பேர், மற்றதில் மூன்று பேர்

தம்பி,

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. இந்த மோட்டல் அறை மேசையில், தேத்தண்ணிக் கேத்தலுக்குக் கீழே விரித்தபடி வைத்துவிட்டு வெளியே கதிரையில் போய் இருக்கப் போகிறேன். வதனி முதலில் கண்டால் வதனி வாசிக்கட்டும், மருமகள்தானே. உன் சின்னம்மாவின் கைக்குப் போனாலும் போகட்டும், அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும். நடந்ததைச் சொல்வதில் பிழை இருக்காது. யார் எந்தக் கதிரையில் இருந்துகொண்டு எந்தச் சொல்லைச் சொன்னது என்று எனக்குத் தெரியும். "அம்மாவுக்கு இருக்கிறது ஞாபகசக்தி இல்லை, வன்மம்" என்று நீ வதனிக்குச் சொன்னாயே, அப்போது நீ மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றாய், கையில் கத்தரிக்காய். அதுவும் எனக்குத் தெரியும்.

வாற சனிக்கிழமை நான் சிட்னிக்குப் போக டிக்கெற் எடுத்து வைத்திருக்கிறாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நேரே எழுத வரவில்லை. தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடக்கிறது, எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் வேறொன்று வருகிறது. அதனால் அந்த இரண்டு கடதாசியில் இருந்தே தொடங்குகிறேன். என் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் ஏழு வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரன் விற்றுப்போட்டான். நீயும் வதனியும் கட்டுவிக்கிற வீடோ கூரை போட்டபடி நிற்கிறது. கட்டுகிறவன் முதலில் மரம் வரவில்லை என்றான், பிறகு ஆள் வரவில்லை என்றான், கடைசியில் இன்னும் ஆறு மாதம் என்றான். ஆறு மாதத்துக்கென்று ஒருவனும் வீடு தரமாட்டான். நீ சொன்னாய், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சில்லு வீடு, கரவன் ஒன்றைப் பாவித்ததாக வாங்கி, கரவன் பார்க்கில் நிற்பாட்டி இருப்போம் என்று. வதனி சொன்னாள், கிழமை வாடகைக்கு மோட்டலில் இருப்போம் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த கையோடு ஆளுக்கொரு கடதாசி கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள், ஏதோ நான் நீதவான் போல.

நீ வாசித்தாய். கரவன் இருபத்தெட்டாயிரம். பார்க்கில் கரண்டோடு இடம் கிழமைக்கு முந்நூற்றைம்பது. இன்சூரன்ஸ், பதிவு, காஸ் சிலிண்டர், காருக்குப் பின்னால் கொழுக்கி பூட்டுகிற கூலி. எல்லாவற்றையும் கூட்டினாய். வீடு முடியக் கரவனை விற்றால் இருபத்திரண்டாயிரம் திரும்பி வரும் என்று கழித்தாய். பதினெட்டாயிரத்துச் சொச்சம் என்றாய். வதனி தன்னுடையதை வாசித்தாள். கிழமைக்கு எழுநூறு, இருபத்தாறு கிழமை. அதுவும் பதினெட்டாயிரத்துச் சொச்சம். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. எது திறம்?"

நான் வாய் திறக்க முதல் வதனி உன்னைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்திரெண்டுக்கு விலைப்படாட்டி? என்ன செய்வியள், முத்தத்திலை வைச்சுக் கும்பிடுவியளோ?"

"மோட்டல்லை சமைக்கேலாது. ஒவ்வொரு நாளும் கடையிலை வாங்கிற சாப்பாட்டுக் காசை ஏன் நீர் எழுதேல்லை?"

"அப்ப கரவன் கக்கூசுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஊத்துறது ஆரெண்டும் எழுதுங்கோவன்."

நீங்கள் இப்படிப் பேச, எனக்கு வேறு சந்தேகங்கள். சொந்தக் காசில் வாங்கிய வீட்டை நிற்பாட்டுவதற்குக் கிழமைக்குக் கிழமை ஏன் வாடகை கட்ட வேண்டும்? அப்படியென்றால் அது சொந்த வீடா, வாடகை வீடா? மோட்டலில் ஒரு நாளைக்கு நூற்றிநாற்பது, ஒரு கிழமைக்கு எழுநூறு. அது ஐந்து நாள் காசுதானே, மற்ற இரண்டு நாளும் சும்மா விடுகிறார்களா? சும்மா விடுகிறவன் எதையாவது ஒளித்து வைத்திருப்பானே? நான் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஒருமுறை கரவன் மலிவு, மறுமுறை மோட்டல் மலிவு. கடைச்சாப்பாட்டைச் சேர்த்தால் இந்தப் பக்கம் சரிகிறது, கரவன் விலைப்படாவிட்டால் அந்தப் பக்கம் சரிகிறது. நானும் சந்தைக்குப் போய் வந்தவள்தான். இப்படி ஒரு தராசை நான் கண்டதில்லை.

அடுத்த கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு, அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் கரவன் பார்க்கப் போனோம். கோயிலில் நான் ஐயரைக் கேட்டது உனக்கு வெட்கமாக இருந்தது, நீ தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "ஐயா, சில்லு வைச்ச வீட்டுக்குக் குடிபோகேக்கை பால் காய்ச்சலாமோ?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வாகனமெண்டால் சில்லுக்குக் கீழை தேசிக்காய், வீடெண்டால் பால். நீங்கள் இரண்டையும் செய்யுங்கோ அம்மா, ஒண்டும் குறையாது" என்றார். நல்ல மனுசன், ஆனால் அவருக்கும் தெரியவில்லை என்று எனக்கு விளங்கியது.

கரவனுக்குள் ஒரு பெரிய கட்டில், அதற்கு எதிரே மேலும் கீழுமாக இரண்டு சின்னக் கட்டில். "அப்பாச்சி, யூ கெட் த பொட்டம் வன்!" என்று கத்திக்கொண்டு உன் மகள் தியா மேலே ஏறிவிட்டாள். நான் கீழ்க் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. நீ ஒரு கையைப் பிடிக்க, வதனி மற்றக் கையைப் பிடிக்க, தலை மேல்பலகையில் இடிபட, நான் சிரட்டையில் இருந்து தேங்காய்ச் சொட்டு பெயர்ந்து வருவதுபோல வந்தேன். எல்லோரும் சிரித்தோம், வதனிதான் கூடச் சிரித்தாள். சாமிப் படம் வைக்க ஒரு தட்டு இருந்தது, அதற்கு நேர் கீழே கக்கூசுக் கதவு. ஆனாலும் அந்தக் கட்டிலில் படுத்த நேரம், ஓம், எனக்கு இங்கே ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்தேன். இதை நான் அப்போது உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் முடிவெடுக்க முதல் வீடு விடுகிற நாள் வந்துவிட்டது. "மூன்று கிழமைக்கு மட்டும்" என்று இந்த மோட்டலுக்கு வந்தோம். ஒரு பெரிய கட்டில், தியாவுக்கு ஒரு சின்னக் கட்டில். எனக்கு மனேஜர் ஒரு மடிப்புக் கட்டில் தந்தார், அதற்கு நாள்வாடகை தனி. அதுவும் மூன்று கிழமைக்குத்தான், ஆறு மாதம் என்றால் இன்னொரு அறையும் எடுக்க வேண்டும் என்று சொன்னார். மடிப்புக் கட்டிலின் ஸ்பிரிங் முதுகில் குத்துகிறது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வதனி தானாகக் கண்டு, தன் குளிர்க் கோட்டை மடித்து அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். இதையும் எழுதுகிறேன், பார். நான் கெட்டதை மட்டும் மறக்காதவள் இல்லை.

பிறகு அந்தப் பால்.

இரண்டாம் கிழமை கட்டுகிறவன் போன் எடுத்து இன்னும் பிந்தும் என்றான். எனக்குப் பிடித்துக்கொண்டது, நாங்கள் வந்து இறங்கிய இடத்தில் பால் காய்ச்சாமல் இருந்ததால்தான் எல்லாம் பிந்துகிறது என்று. இது வீடா இல்லையா என்று நான் என்னையே கேட்டேன். விளக்கேற்றுகிறோம், தலை வாருகிறோம், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பிறகென்ன? நீயும் வதனியும் வேலைக்கும் தியா பள்ளிக்கும் போன பிறகு, பெட்டிக்குள் இருந்த கரண்ட் அடுப்பை எடுத்து யன்னலடியில் வைத்தேன். சின்ன முட்டியில் பால் விட்டேன். பொங்கி வழிய வேண்டும், கிழக்குப் பக்கம் வழிந்தால் நல்லது. கிழக்கு எது என்று பார்க்க யன்னல் சீலையை விலக்கினேன். அந்த நேரத்துக்குள் பால் நாலு பக்கமும் வழிந்து, அடுப்பில் கருகி, ஒரே புகை. கூரையில் இருந்த வட்டப் பெட்டி கத்தத் தொடங்கியது. அதோடு பக்கத்து அறைப் பெட்டி, அதற்கும் அங்கால். லொறி ஓட்டுகிற இரண்டு ஆம்பிளைகள் இடுப்பில் துவாயோடு வெளியே வந்து நின்றார்கள். தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. ஒரு உயரமான பொடியன் தொப்பியைக் கழற்றி, "யூ ஓகே, டார்லிங்?" என்றான். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "மில்க். நியூ ஹவுஸ். கோட்" என்றேன். அவனுக்கு என்ன விளங்கியதோ, என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு என்னோடு கோபிக்காத ஆள் அவன் ஒருவன்தான்.

வேலையில் இருந்து ஓடிவந்த வதனி அறை வாசலில் நின்றாள். இன்னும் பெயர்ப் பட்டி சட்டையில் குத்தியிருந்தது. "மாமி, இது வீடில்லை. விளங்குதோ? இது வீடில்லை" என்றாள். இரண்டு தரம் சொன்னாள். நீ வந்து, "அம்மா, இவை அனுப்பப்போற பில் எவ்வளவு தெரியுமே?" என்றாய். எனக்குத் தெரியாது, நீ சொல்லவுமில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன். "சின்னம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்தது. பார்க்க ஆளில்லை. நான் சிட்னிக்குப் போய் வீடு முடியும் மட்டும் நிக்கிறன். நானாத்தான் போறன்."

நீ ஒரு மூச்சு விட்டாய். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு, "அவவுக்கும் உதவியா இருக்கும் அம்மா, நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பிளேன் பார்க்கத் தொடங்கினாய்.

யாருடைய வீட்டுக்குப் போகிறேன் என்றேன் என்று உனக்குத் தெரியும்தானே? அவளுடைய மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கு சிட்னியில் ஒரு ஹோலில் நடந்தது. உன் அப்பா செத்து அப்போது ஒரு வருடம். தட்டெடுத்து நிற்கிற பெண்களுக்குள் நானும் போய் நின்றேன், சொந்தப் பெரியம்மா. அவள் வந்து என் கையில் இருந்த தட்டை வாங்கி, தன் புருசனோடு வேலை செய்கிறவருடைய மனுசியின் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, நீ குசினிப் பக்கம் ஒருக்காப் பார்" என்றாள். நீலச் சீலை, கழுத்தில் மூன்று சங்கிலி. தாலி அறுத்தவள் ஆலாத்தி எடுக்கக்கூடாதாம். இருபத்திரண்டு வருடமாக நான் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அந்தப் படியைத்தான் மிதிக்கப் போகிறேன் என்று சொன்னேன். நீ பிளேன் பார்த்தாய்.

அடுத்த நாள் நீ மூன்றாவதாக ஒரு கடதாசி எழுதி இந்த மேசையில் வைத்திருந்தாய். உங்கள் இரண்டு பேரின் முகத்திலும் கன நாளைக்குப் பிறகு வெளிச்சம். "மோட்டல்தான் சரி, கணக்குத் தெளிவா வந்திட்டுது" என்றாய். எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது, இலக்கம் வாசிக்க வரும். மேலே வலது பக்க மூலையில், கரவனுக்கும் மூன்று, மோட்டலுக்கும் மூன்று என்று எழுதி வட்டம் போட்டிருந்தாய்.

அப்போதுதான் எனக்கு அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்தது. உன் கடதாசியின் மூலையில் நாலு. வதனியின் கடதாசியின் மூலையில் மூன்று. ஒரு தட்டில் நாலு பேரையும் மற்றத் தட்டில் மூன்று பேரையும் வைத்து நிறுத்தால் எப்படித் தம்பி சமநிலை வரும்? இத்தனை கிழமை நாங்கள் காஸ் சிலிண்டரையும் கடைச்சாப்பாட்டையும் போட்டு அடிபட்டதெல்லாம் வீண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நான்தான். என்னைச் சேர்த்தால் மோட்டலில் இன்னொரு அறை எடுக்க வேண்டும், காசு இரட்டிக்கும், கரவன் வெல்லும். என்னைக் கழித்தால் மோட்டல் வெல்லும், தியாவின் பள்ளி கிட்ட, வதனிக்கு ஒழுங்கான கக்கூசு. வதனி அந்த மூன்றை வேண்டுமென்று எழுதினாளா, அறையில் மூன்று பேருக்குத்தான் படுக்க இடம் என்று எழுதினாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. குளிர்க் கோட்டைத் தைத்துத் தந்தவளும் அவள்தான், இது வீடில்லை என்றவளும் அவள்தான். எந்த வதனியைக் கேட்பது?

இப்போது நான் சொல்லப்போகிறதை உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை.

உனக்கு எட்டு வயது. அப்பா இங்கே மெல்பேர்னில். நீயும் நானும் விசாவுக்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். உன் அப்பாச்சி, என் மாமியார், எங்களை வழியனுப்ப என்று யாழ்ப்பாணத்தில் இருந்து எங்களோடேயே வந்தவ. இரண்டு கிழமை என்று வந்தது ஐந்து மாதமாகிவிட்டது. லொட்ஜில் கட்டில் கணக்கில் காசு. அப்பா அனுப்புகிறது காணவில்லை. ஒரு நாள் சவர்க்காரப் பெட்டி மட்டையில் நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். மூன்று பேர் லொட்ஜில் இருந்தால் இவ்வளவு, மூன்று பேருமாக ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸ் எடுத்தால் இவ்வளவு, இரண்டு பேர் மட்டும் லொட்ஜில் இருந்தால் இவ்வளவு. போட்டது மட்டுமில்லை. பக்கத்து அறை மனுசிக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கதவு திறந்திருந்தது. மாமி உள்ளே உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தா. அவவுக்குக் கேட்கட்டும் என்றுதான் வாசித்தேன்.

அடுத்த நாள் காலமை அவ பையைக் கட்டிவிட்டா. "பிள்ளை, நான் ஊருக்குப் போட்டு வாறன். கோழியள் கிடக்கு, ஆர் பாக்கிறது? நானாத்தான் போறன்" என்றா.

அவவிடம் கோழி இல்லைத் தம்பி. வெளிக்கிட முதலே எல்லாவற்றையும் முன்வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தவ. காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததே நான். கூடு திறந்தபடி கிடந்ததை அவவும் கண்டவ, நானும் கண்டனான். நான் ஒரு சொல் கேட்கவில்லை. "கவனமாப் போங்கோ மாமி" என்று சொல்லி பஸ்சுக்குக் காசு கொடுத்தேன். மூச்சும் விட்டேன். அந்த மூச்சு அவவுக்குக் கேட்டிருக்கும்.

"அப்பாச்சி கோழியளைப் பாத்திட்டு எப்ப வருவா?" என்று நீ ஒவ்வொரு நாளும் கேட்டாய். எங்களுக்கு விசா வர முதல் அவ ஊரிலேயே கண்ணை மூடிவிட்டா. செய்தி சொல்ல அப்பா போனில் வந்தபோது, "அவ தானாத்தான் போனவ, கோழியளைப் பாக்கப் போனவ" என்று அழுதேன். "எந்தக் கோழியள்?" என்று கேட்டார். நான் இன்னும் சத்தமாக அழுதேன். இங்கே வந்த பிறகு சாகும் மட்டும் என்னோடு குடும்பம் நடத்தினார், இரண்டாம் தரம் அதைக் கேட்கவில்லை. நான் ஊரெல்லாம் கணக்கு வைத்திருக்கிறேன், யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று. என் கணக்கை அவர் எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு உன் மகள் என்னை அப்பாச்சி என்று கூப்பிடுகிற நேரமெல்லாம் நான் திரும்பிப் பார்க்கிறேன், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று.

உன் சின்னம்மாவின் முழங்கால் ஒப்பரேசன் முடிந்து மூன்று மாதம். அவள் கடைக்கு நடந்து போய் வருகிறாள். என்னை அவள் கூப்பிடவில்லை. நீ ஒருக்கால் அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. உன்னில் எனக்குக் கோபம் வந்தது, உண்மை. பிறகு யோசித்தேன், இவன் யாரிடம் பழகினான்?

ஆகவே நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன். நான் நானாகப் போகவில்லை. எனக்குப் போக விருப்பமில்லை. மூன்று பேருக்குக் கணக்குச் சரியாக வந்த பிறகு நாலாவது ஆளாக வந்து நிற்பது நியாயமா என்று எனக்கே விளங்கவில்லை. கரவனா மோட்டலா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஒருவேளை நாலு பேர் என்று எழுதினால் இரண்டுமே உங்களுக்குக் கட்டாது. அப்படி என்றால், "அம்மா, எங்களால் ஏலாது, போங்கோ" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. சத்தியமாகப் போவேன், அந்தப் படியையும் மிதிப்பேன். அதையும் ஞாபகம் வைத்திருப்பேன்தான், ஆனால் உன்னை நோக மாட்டேன். நான் பொய் சொல்ல, நீ அதை நம்பினதுபோல இருக்க, அப்படி மட்டும் என்னை அனுப்பாதே. பிறகு தியா கேட்பாள், நீ ஏதாவது சொல்ல வேண்டி வரும்.

பென்சில் கேத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கடதாசியிலும் நாலு என்று எழுதிவிட்டுக் கூட்டிப் பார். நான் வெளியே கதிரையில்தான் இருக்கிறேன், குளிரத் தொடங்கிவிட்டது, கனநேரம் எடுக்காதே.

எனக்குச் சிட்னியில் கோழி இல்லைத் தம்பி.

அம்மா